கேட் கேமராவுக்கு வைத்த பொட்டு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் முகத்தைச் சுளிக்க வேண்டாம். பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் எனக்கு அமைப்பாளர் வேலை. காலையில் அரிசி அளப்பதிலிருந்து மத்தியானம் பிள்ளைகள் தட்டு கழுவி வைக்கிற வரைக்கும் கத்திக்கொண்டே இருந்தால்தான் அங்கே ஒரு காரியம் நடக்கும். அந்தத் தொண்டையோடுதான் வீட்டுக்கும் வருவேன்.

என் வீட்டுக்காரர் அதற்கு நேர் எதிர். அரசு பஸ் டிரைவர். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம், அங்கிருந்து திரும்ப செங்கல்பட்டு. அவருடைய உத்தியோக காலத்தில் பாதிக்கு மேல் அந்த ஒரே ரோட்டில்தான் கழிந்தது. நான் எவ்வளவு கத்தினாலும் காதிலேயே விழாத மாதிரி உட்கார்ந்திருப்பார். நான் மூச்சு வாங்க நிறுத்தும்போது, “இன்னாமே, முடிஞ்சிதா?” என்பார். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். அதோடு சண்டை தீர்ந்தது.

ஓய்வு பெற்று வந்த பிறகு மறதி ஆரம்பித்தது. முதலில் மாத்திரை போட்டாரா இல்லையா என்பது மறந்தது. அப்புறம் கடைக்குப் போன வழி. ஒருநாள் மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக, “நீங்க எங்கம்மா எறங்கணும்?” என்று கேட்டார். விளையாடுகிறார் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டே இல்லை. பஸ்ஸில் ஏறின எவளோ ஒருத்தியைப் பார்க்கிற முகம். “திருக்கழுக்குன்றம்,” என்றேன், வேறென்ன சொல்வது? “சரி, உக்காருங்க, வந்தா சொல்றேன்,” என்று சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டார். நான் தோட்டத்துப் பக்கம் போய், தண்ணீர்த் தொட்டி மறைவில் நின்று அழுதுவிட்டு வந்தேன். அன்றையிலிருந்து அவருக்கு நான் ‘நீங்க’தான். ‘இன்னாமே’யில் இருந்த ‘மே’ போய்விட்டது. அவர் ‘மே’ என்று கூப்பிட ஏங்குவேன் என்று கல்யாணமான புதிதில் யாராவது சொல்லியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

மனுஷன் போனாலும் டிரைவர் மட்டும் போகவில்லை. அடுப்படியில் குக்கர் ஒரு விசில் அடித்தால் நாற்காலியில் இருந்தபடியே காலை அழுத்திப் பிரேக் போடுவார். இரண்டாவது விசில் சேர்ந்து வந்தால், “ரைட்டு,” என்று கியர் போடக் கை நீளும். கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் வண்டி நிற்கணும், இரண்டு கொடுத்தால் கிளம்பணும். அவர் கையும் காலும் அதை மறக்கவில்லை. நானும் தம்பியும் அதைப் பார்த்துச் சிரிப்போம். சிரிக்க வேறு என்ன இருந்தது அந்த வீட்டில்!

தம்பி என்று சொன்னது என் கூடப் பிறந்தவன். பக்கத்து வீடு அவனுடையது, இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல், ஒரே கேட். சரக்கு ஏற்றுகிற குட்டி யானை வண்டி வைத்து ஓட்டுகிறான். நான் வேலைக்குப் போகும்போது அவன் மனைவி என் வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்வாள். ஆனால் அவளும் எத்தனை நேரம்தான் கண்கொத்திப் பாம்பாக இருப்பாள்? அவள் துணி காயப்போடத் திரும்பினால் போதும், “டியூட்டிக்கு நாழி ஆயிடுச்சி,” என்று இவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் வீடு திருக்கழுக்குன்றம் ரோட்டின் மேலேயே இருக்கிறது. கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பினால் செங்கல்பட்டு டவுன். வலது பக்கம் திரும்பினால் திருக்கழுக்குன்றம், அதையும் தாண்டிக் கடல். எந்தப் பக்கம் திரும்பினார் என்று தெரியாமல் நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம்.

கேட்டுக்கு மேலே ஒரு கேமரா இருந்தால் எந்தப் பக்கம் போனார் என்றாவது தெரியும் இல்லையா, அதுதான் யோசனை. செங்கல்பட்டு பஜாரில் கேமரா விற்கிற கடை ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை போனேன். தம்பிக்கு அன்று லோடு இருந்தது. அவரைத் தனியாக விட முடியாது என்று கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாது. கேமரா எதுவாக இருந்தாலும் பரவாயில்லையாம், பதிவு செய்கிற டிவிஆர் பெட்டிதான் முக்கியமாம். “நாலு கேமரா பெட்டி போதுமாம்மா, எட்டு கேமரா பெட்டி எடுத்துக்கிறீங்களா? நாளைக்கே மாடி எடுத்தீங்கன்னா?” என்றார்.

“மாடி கெடக்கட்டும்பா. மொதல்ல கீழ கீற ஆள நா காப்பாத்திக்கறேன்,” என்றேன்.

“எத்தினி நாள் பதிவு நிக்கணும்?”

“அதுல வேற கணக்கா?”

“டிஸ்க் ரொம்பிச்சின்னா பழச அதுவே அழிச்சிட்டு புதுச ஏத்திக்கும்மா. இந்த டிஸ்க் போட்டா ஒரு மாசம் நிக்கும்.”

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். இவர் அந்தப் பெட்டிக்குத் தலைகீழ். அவருக்குள் புதுசெல்லாம் தினம் தினம் அழிந்துகொண்டிருந்தது, பழசு மட்டும் கல்லாக நின்றது. அவர் முக்காலியில் உட்கார்ந்து சுவரில் மாட்டியிருந்த டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்குள் இருந்த கேமரா எங்கள் இரண்டு பேரையும் அதில் காட்டிக்கொண்டிருந்தது.

“யாரு அந்தப் பொம்பள? எங்கியோ பாத்தாப்ல கீது,” என்றார்.

“உம் பொண்டாட்டிதான்யா, நல்லா பாரு.”

“சீச்சீ. அவ சின்னப் பொண்ணு. இவ்ளோ வயசு ஆவல.”

கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த நிமிஷமே அது அடங்கிவிட்டது. எங்கேயோ ஒரு சின்னப் பொண்ணு அவர் மனசுக்குள் இருக்கிறாள், அவள் நான்தான், ஆனால் நான் போய் அவளைப் பார்க்க முடியாது. அதை அந்தக் கடையில் வைத்து யாரிடம் சொல்ல?

நான் படம் மட்டும் எடுக்கிற பெட்டியைக் காட்டி, இதைப் போடுங்கள் என்றேன். விலை அதுதான் குறைச்சல். கடைக்காரர் இன்னொன்றையும் எடுத்து வைத்தார். மைக் உள்ள கேமராவை அதில் மாட்டினால் சத்தமும் பதிவாகுமாம். “வாணாம்பா, அந்த ஆளு பேசறது ரெண்டு வார்த்த. அத வேற பதிவு பண்ணி இன்னா பண்ணப்போறேன்?” என்றேன்.

அதுவரை சும்மா இருந்தவர் எழுந்து வந்தார். “எதுல சத்தம் கேக்கும்?” என்று கடைக்காரரிடம் கேட்டார்.

“இதுல, நைனா.”

“இதக் குடு. சத்தம் கேக்காம எவனாவது வண்டி ஓட்டுவானா? இஞ்சின் இன்னா சொல்லுது, பின்னாடி கண்டக்டர் இன்னா சொல்றான், ஒண்ணியும் கேக்க வாணாம்?”

“யோவ், இது பஸ் இல்லய்யா.”

பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாங்கப் போனால் கொடுக்கவில்லை. நான் கத்தினேன், கடைக்கு வந்த இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில், இது ஏதடா பேஜாரு என்று அதையே வாங்கினேன். ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்கிற வரைக்கும் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை.

மறுநாள் கடை ஆட்கள் வந்து மாட்டிக் கொடுத்தார்கள். கேட்டுக்கு மேலே ஒன்று, வாசலில் ஒன்று, பின்பக்கம் ஒன்று, கூடத்தில் ஒன்று. பெட்டி டிவிக்குக் கீழே. என் போனிலும் தம்பி போனிலும் படம் தெரிந்தது. முதல் நாள் எனக்குப் பெருமை தாங்கவில்லை, பள்ளிக்கூடத்தில் சாம்பார் கொதிக்கும்போதே போனை எடுத்துப் பார்த்தேன். அன்று சாயந்திரம் பழைய பதிவைப் போட்டேன். காலையில் நடந்தது சத்தத்தோடு ஓடியது. அவர் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறார். ஒருத்தி வருகிறாள். “எத்தினி வாட்டி சொல்றது! கொழந்தையா நீ? என் உயிர வாங்கறியே!” என்று கத்துகிறாள். என் குரல் வெளியிலிருந்து கேட்டால் இப்படித்தான் இருக்குமா? தம்பியைக் கூப்பிட்டு, இரண்டு போனிலும் அந்தச் சத்தத்தை நிறுத்து என்றேன். நிறுத்திக் கொடுத்தான். அப்புறம் வெறும் படம்தான் பார்த்தோம்.

கேமரா சும்மா சொல்லக்கூடாது, கை கொடுத்தது. ஒரு தடவை நான் வேலையில் இருக்கும்போது அவர் நழுவிவிட்டார். தம்பி போனைப் பார்த்தான். கேட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்பியது தெரிந்தது. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், மாமல்லபுரம் பஸ் நிற்கிற இடத்தில் டிரைவர் பக்கக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவரை அழைத்து வந்துவிட்டான். அதற்கடுத்த தடவையும் இடதுதான். அவர் போனால் டவுனுக்குத்தான் போவார், டிப்போவுக்கோ பஸ் ஸ்டாண்டுக்கோ, என்று எங்கள் மனசில் பதிந்துபோயிற்று.

ஆயுத பூஜை வந்தது. எந்த ஞாபகம் போனாலும் அந்த நாள் அவருக்குப் போகாது. காலையிலேயே குளித்துவிட்டுக் காக்கிச் சட்டையைக் கேட்டார். ஒவ்வொரு வருஷமும் பூஜைக்குக் காக்கிதான். துவைத்து மடித்து வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தேன், பொத்தானை நானே சரியாகப் போட்டுவிட்டேன். ராகு காலத்துக்கு முன்னால் தம்பி தன் வண்டிக்குப் பூஜையை முடித்துக்கொண்டான். வாழைக்கன்று, மாலை, கற்பூரம் எல்லாம் ஆனது. வண்டி கேட்டைத் தாண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனது, முச்சந்தியில் பூசணிக்காய் உடைத்தான். அப்படியே குடும்பத்தோடு கோயிலுக்கு ஒரு சுற்று போய்வருகிறேன் என்று வண்டியைக் கிளப்பினான். கேட் திறந்தது திறந்தபடி கிடந்தது.

வீட்டுப் பூஜை பாக்கி. சுண்டலுக்குக் கடலையைக் குக்கரில் வைத்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத்தையும் அவர் கையில் கொடுத்தேன். “போ, எல்லாத்துக்கும் பொட்டு வை,” என்றேன். அந்த வேலையை அவர் மாதிரி யாரும் செய்ய முடியாது. கட்டை விரலால் சந்தனத்தை எடுத்து ஒரே இழுப்பு, அதன் நடுவில் குங்குமம். அருவாமணைக்கு, மிக்சிக்கு, தையல் மெஷினுக்கு, என் ஸ்கூட்டிக்கு, டிவிக்குக் கீழே இருந்த அந்தப் பெட்டிக்கும்கூட. பழைய ஆள் திரும்பி வந்துவிட்ட மாதிரி இருந்தது. நான் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டே, ஏதோ பாட்டுகூட முணுமுணுத்தேன்.

சுண்டலைத் தாளித்து எடுத்துக்கொண்டு வந்தால் ஆளைக் காணோம். வாசலில் பிளாஸ்டிக் ஸ்டூல் கேட்டுக்குப் பக்கத்தில் இருந்தது, அதன் மேல் சந்தனக் கிண்ணம். கத்தினேன். ரோட்டில் போய்ப் பார்த்தேன். மாலை போட்ட வண்டிகளாகப் போய்க்கொண்டிருந்தன. போனை எடுத்து கேட் கேமராவைப் பார்த்தால் மஞ்சளாக இருந்தது. வேறு ஒன்றுமில்லை, திரை முழுக்க மஞ்சள். மற்ற கேமராக்களில் ரோடு தெரியாது. பின்னால் ஓட்டிப் பார்த்தேன். அவர் முகம் பெரிதாக வருகிறது, கண்ணைச் சுருக்கிக் கேமராவின் கண்ணாடியைப் பார்க்கிறார், கட்டை விரல் வருகிறது. அதோடு சரி.

அவர் பஸ்ஸுக்குப் பூஜை போடும்போது முதல் பொட்டு ஹெட்லைட் கண்ணாடிக்குத்தான் வைப்பார். கண்ணாடியைப் பார்த்தால் பொட்டு வைக்கணும். அவர் கைக்குத் தெரிந்தது அது. வேறு யாராக இருந்தாலும் கேமராவின் ஓரத்தில் வைத்திருப்பார்கள்.

போன் போட்டதும் தம்பி வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். எந்தப் பக்கம் என்று தெரியாது, ஆனாலும் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. இடது பக்கம் ஓடினோம். பஸ் ஸ்டாண்ட், டிப்போ, ரயில்வே ஸ்டேஷன், ஏரிக்கரை. டிப்போவில் ஒவ்வொரு பஸ்ஸும் ஹெட்லைட்டில் சந்தனப் பொட்டோடு நின்றது. அங்கே இருந்தவர்கள் அவரைத் தெரிந்தவர்கள்தான், வரவில்லை என்றார்கள். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். சாயந்திரம் மழை பிடித்துக்கொண்டது. இடி இடிக்க இடிக்க என் மனசு, தலையைத் துவட்டக்கூடத் தெரியாதே அந்த ஆளுக்கு, என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை போன் வந்தது, மாமல்லபுரத்திலிருந்து. ஊரைத் தாண்டிக் கடலோரச் சவுக்குத் தோப்பில், ஒரு மரத்தில் சாய்ந்து கடலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்திருந்தாராம். மீன் கூடையோடு போன ஒரு அம்மா, காக்கிச் சட்டைக்காரர் தூங்குகிறார் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறாள். திரும்பி வரும்போதும் அசையாமல் இருக்கவே கிட்டப் போய்ப் பார்த்திருக்கிறாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். பஸ்ஸில் போயிருக்கிறார். காக்கி போட்டிருந்ததால் யாரும் டிக்கெட் கேட்கவில்லை, எங்கே போகிறாய் என்றும் கேட்கவில்லை. நான் பொத்தான் போட்டுவிட்ட சட்டை. அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். அத்தனை மழையிலும் கட்டை விரல் நகக்கண்ணில் சந்தனம் ஒட்டிக்கொண்டிருந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி ஒரு துணியை நனைத்துக்கொண்டு கேமராவைத் துடைக்க ஏறினான். “கைய வெச்ச, கைய ஒடிச்சிடுவேன்,” என்றேன். இறங்கிவிட்டான்.

அவனுக்குத்தான் அப்புறம் ஞாபகம் வந்தது. ஒரு மாசம் ஆனால் பெட்டி பழசை அழித்துவிடும். மாமாவின் முகம் கடைசியாக அதில்தான் இருக்கிறது, எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றான். ஒரு பென் டிரைவை வாங்கிவந்து பெட்டியில் செருகினான். போனில் இல்லாமல் டிவியிலேயே போட்டான். முகம் வந்தது. கட்டை விரல் வந்தது. டிவி முழுக்க மஞ்சளானது. நிறுத்தப் போனான். அப்போது டிவிக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. போனில்தானே சத்தத்தை நிறுத்தியிருந்தோம், பெட்டி தன்பாட்டுக்குப் பதிவு செய்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

“இன்னாடா இது, கண்ணு இத்தினியூண்டு கீது உனக்கு,” என்றது அவர் குரல். ஸ்டூல் தேய்கிற சத்தம். “சரி. பாத்துக்கினு இரு. மாமல்லபுரம் ஒரு ட்ரிப்பு அடிச்சிட்டு வந்துர்றேன்.”

தம்பி தலையில் அடித்துக்கொண்டான். “அக்கா, வலது பக்கம்க்கா. சொல்லிட்டுதான் போயிருக்காருக்கா,” என்று தரையில் உட்கார்ந்துவிட்டான்.

குரல் நிற்கவில்லை. “வூட்ல ஒருத்தி கீறா. கத்துவா. கத்தினா கத்தட்டும், நீ பதில் பேசாத. நா வர்ற வரிக்கும் சாப்ட மாட்டா அவ. வந்துடுவேன்னு சொல்லு.”

அடுப்படியிலிருந்து என் குரல் கேட்டது. “யோவ்! பொட்டு வெச்சி முடிச்சியா, இல்லியா?”

“தோ, ஆயிடுச்சிமே.”

எனக்கு அன்று அது கேட்கவில்லை. தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் துருவலைப் போட்டுவிட்டு ஓடி வந்திருப்பேனே, அவரைப் பிடித்து இன்னொரு தடவை சொல்லச் சொல்லியிருப்பேனே!

டிவியில் குக்கர் விசில் அடித்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அவர் அங்கேயேதான் நின்றிருந்தார், மூச்சு வாங்குவது கேட்டது. அப்புறம் இன்னொரு விசில், அதன் வாலைப் பிடித்துக்கொண்டே மற்றொன்று.

“ரைட்டு,” என்றார்.

செருப்புச் சத்தம் கேட்டைத் தாண்டிப் போனது. அப்புறம் ரோட்டில் வண்டிகள் போகிற சத்தம் மட்டும். தம்பி எழுந்து வந்து அணைக்கப் பார்த்தான். ஓடட்டும், விடுடா என்றேன். டிவி மஞ்சளாகவே இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அதற்குள்ளிருந்து நான், “யோவ், எங்கய்யா போன? சுண்டல் ஆறுது,” என்று கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். அப்புறம் கத்த ஆரம்பித்தேன்.